நாற்பது மணல் மூட்டைகளும் ஒரு வேகப் பெட்டியும்

எனக்குத் தலைக்கனம் என்று கொட்டாஞ்சேனை வேர்க்‌ஷொப்பில் எல்லோரும் சொல்வார்கள். இருந்தது, மறுக்கமாட்டேன். முகத்துவாரத்துப் படகுகளில் மீன் காட்டும் மெஷின் பழுதானால் என் மேசைக்குத்தான் வரும். திருத்தாமல் எதையும் நான் திருப்பி அனுப்பியதில்லை. யுத்தகாலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஓர் அறையில் தனியாக இருந்த எனக்கு, பெருமைப்பட வேறென்ன இருந்தது?

அந்தப் பெருமைக்கு ஆப்பு வைத்தது பொல்கொட ஏரியில் நின்ற ஒரு படகு. அதன் சொந்தக்காரர் ஐம்பதை நெருங்கிய தேயிலை வியாபாரி, சிங்களவர். வேக்போர்ட் விளையாட்டில் பைத்தியம். கால்களில் பலகையைப் பூட்டிக்கொண்டு, படகு இழுக்கும் கயிற்றைப் பிடித்தபடி, அது பின்னால் விட்டுப்போகும் அலையில் ஏறித் துள்ளுவது அந்த விளையாட்டு. படகு எவ்வளவு கனமோ அலையும் அவ்வளவு பெரிது. அதனால் வேண்டுமென்றே பாரம் ஏற்றுவார்கள். வெளிநாடுகளில் அதற்குத் தண்ணீர்ப் பைகள் உண்டாம். இவர் உரப் பைகளில் மணல் நிரப்பி நாற்பது மூட்டை ஏற்றினார். சந்திக்குச் சந்தி காவலரண் இருந்த அந்த நாட்களில் கொழும்பில் தட்டுப்பாடே இல்லாத பொருள் மணல் மூட்டைதான்.

படகு ஒரே வேகத்தில் ஓடவேண்டும், இல்லாவிட்டால் ஆள் விழுவார். அதற்கென்று வெளிநாட்டிலிருந்து ஒரு வேகப் பெட்டி கொண்டுவந்திருந்தார். பூட்டியது நான். பெட்டி படகின் வேகத்தை அளப்பதில்லை. இயந்திரத்தின் சுற்றைத்தான் கூடாமல் குறையாமல் பிடித்து வைத்திருக்கும். இந்தப் பாரத்துக்கு இத்தனை சுற்று, இத்தனை மைல் என்று முதலில் ஓடிப் பார்த்துப் பதிந்துவிட வேண்டும். ஒரு சனிக்கிழமை காலை, நாற்பது மூட்டையோடு ஓடிப் பார்த்துப் பதிந்தேன். மனிதர் சிறுபிள்ளை மாதிரித் துள்ளினார். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன்.

அன்று மதியமே ஃபோன் வந்தது. படகு மந்தமாகிவிட்டதாம், அவர் அலையில் ஏற முடியாமல் தண்ணீருக்குள் அமிழ்கிறாராம். அடுத்த சனி போய் வயரை மாற்றினேன். காலையில் நன்றாக ஓடியது, மதியம் பழையபடி. அதற்கடுத்த சனி, வெயிலில் பெட்டி சூடாகிறது என்று நினைத்து அதை நிழலுக்கு மாற்றிப் பூட்டினேன். மதியம் மறுபடியும் அமிழ்ந்தார். மூட்டை குறைந்ததா கூடியதா என்று படகு ஓட்டியைக் கேட்டால், அவர் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி நாற்பது என்று காட்டினார். நானும் கூடவே எண்ணினேன்.

வேர்க்‌ஷொப்பின் பாஸ் கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர், அதிகம் பேசாதவர். திங்கட்கிழமை என் மேசைக்கு வந்தார்.

"பிள்ளை, இந்தச் சனியும் சரிவராட்டி அவர் சிங்கப்பூரில இருந்து ஆள் எடுப்பிக்கிறாராம். நீ பூட்டினது பிழை எண்டு கதைக்கிறார்."

"நான் பூட்டினதில பிழை இல்லை, பாஸ்."

"இருக்கலாம். ஆனா சரிவராட்டி நீ இனி மேசையோட இருக்க வேண்டியதுதான். தண்ணி வேலைக்கு வேற ஆளைப் போடுவன்."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. மூன்று வருடம் மேசையோடு கிடந்து, கெஞ்சி, சண்டை பிடித்து வாங்கியது, படகில் ஏறிச் செய்யும் அந்த வேலை. மூன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

புதன் இரவு நல்ல மழை. வியாழன் காலை பஸ்ஸுக்கு நடந்தபோது, எங்கள் ஒழுங்கைக்கு எதிரே வங்கியின் முன்னால் இருந்த காவலரண் சரிந்து கிடந்தது. இரண்டு ஆமிக்காரர் ஒரு மணல் மூட்டையை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து முக்கிக்கொண்டிருந்தார்கள். போன கிழமை அதே மூட்டைகளை அவர்களில் ஒருவன் தனியாகத் தோளில் தூக்கி அடுக்கியதை நான் கண்டிருந்தேன். நடுறோட்டில் நின்றுவிட்டேன். என்ன பார்க்கிறாய் என்று ஒருவன் சிங்களத்தில் அதட்டிய பிறகுதான் கால் நகர்ந்தது.

வேர்க்‌ஷொப்புக்குப் போனதும் ஒரு உரப் பையில் காய்ந்த மணலை நிரப்பித் தராசில் தொங்கவிட்டேன். பிறகு அதையே தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, வடியவிட்டு, மறுபடியும் தொங்கவிட்டேன். முள் பல கிலோ தாண்டிப் போய் நின்றது. கிழமை முழுக்க ஏரிக்கரைத் தகரக் கொட்டகையின் வெக்கையில் காயும் மூட்டைகள், சனிக்கிழமை படகின் அடித்தளத்து நீரிலும் மேலே தெறிக்கும் நீரிலும் ஊறியிருக்கின்றன. பெட்டி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது: சுற்று மாறவில்லை, பாரம் கூடியதால் வேகம்தான் குறைந்திருக்கிறது. நாங்கள் எல்லோரும் எண்ணினோமே தவிர ஒருவரும் நிறுக்கவில்லை. நானும்தான். அந்த வெட்கம் இன்றைக்கும் கொஞ்சம் இருக்கிறது.

சனிக்கிழமை பாஸும் கூட வந்தார். நாற்பது மூட்டையையும் முதலில் ஏரிக்குள் தள்ளி நனையுங்கள் என்று நான் சொன்னதும், படகு ஓட்டி பாஸின் முகத்தைப் பார்த்தார். பாஸ் வானத்தைப் பார்த்தார். ஒரு மணித்தியாலம் ஊறவிட்டு, ஏறிய தண்ணீரின் பாரத்துக்கு ஈடாக எட்டு மூட்டையைக் கரையிலேயே விட்டுவிட்டு, மீதியை ஏற்றச் சொன்னேன். புதிதாக ஓடிப் பார்த்துப் பதிந்தேன். காலை ஓடியது. மதியம் ஓடியது. பின்னேரம் மூன்று மணிக்கும் அந்த மனிதர் அலைக்கு மேலே துள்ளிக்கொண்டிருந்தார். கரையேறி வந்து, சிங்கப்பூர் ஆள் தேவையில்லை என்று பாஸிடம் சொன்னார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது காலி வீதிச் சோதனைச் சாவடியில் நாங்கள் வந்த வானை மறித்தார்கள். பொலிஸ்காரர் என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "ரஸ்ஸாவ மொகக்த?" என்றார். என்ன வேலை என்று கேட்டால் கிளார்க் என்றுதான் அதுவரை சொல்லிவந்தேன். குண்டு வெடிக்கும் காலத்தில் வயரும் மீற்றருமாகத் திரியும் தமிழ்ப் பெண் என்றால் என்ன நினைப்பார்கள் என்று தெரியாதா? அன்றைக்கு வாய் கேட்கவில்லை. படகு மெஷின்கள் திருத்துகிறேன் என்று சிங்களத்தில் நேராகச் சொன்னேன்.

பையைக் கொட்டச் சொன்னார்கள். வயர், ஈயம், மீற்றர் எல்லாம் வானின் முன்பக்கத்தில் பரப்பப்பட்டன. பெரியவர் வரும்வரை வெயிலில் நில்லுங்கள் என்றார்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றோம். பாஸ் கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார்.

"கிளார்க் எண்டு சொல்லியிருந்தா இப்ப வீட்டில இருந்திருப்பம்."

"ஓம் பாஸ். ஆனா நான் கிளார்க் இல்லையே."

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. என்னால் அவரும் மாட்டிக்கொண்டாரே என்ற கவலையும் இருந்தது. ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் இன்ஸ்பெக்டர் வந்து சாமான்களைக் கிளறிப் பார்த்தார். என்னிடம் கேட்காமல் பாஸிடம் திரும்பி, இந்தப் பெண் சொல்வது உண்மையா, இதெல்லாம் உன்னுடைய சாமானா என்று கேட்டார்.

பாஸ் கைலேஞ்சியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். பிறகு சிங்களத்தில், நிதானமாக, எனக்கும் கேட்கும்படி சொன்னார்: "அவவின்ர சாமான், சேர். திருத்துறது அவதான். நான் இண்டைக்குப் பக்கத்தில நிண்டு பார்த்தனான்."