குழாய் வளையல்

என் மாமா விமானம் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று வகுப்பில் சொன்னபோது ஒருத்தியும் நம்பவில்லை. அம்மாவின் தம்பியான அவர் செகந்திராபாத்தில் எங்களோடுதான் இருந்தார். விமானம் மட்டும் பட்டான்செருவில், வாடகைத் தகரக் கொட்டகையில் இருந்தது. அதில் ஒரே இருக்கை. உட்காரப்போகிறவரும் அவரேதான்.

இன்ஜின் ஒரு பழைய ஜப்பான் காரிலிருந்து கழற்றியது. பிஸ்டன் கிடையாது, உள்ளே முக்கோணமாக ஒன்று சுற்றும். மற்ற வேலையெல்லாம் முடிந்துவிட்டது, இழுவைதான் போதவில்லை. இன்ஜினுக்குக் காற்று போகிற இரண்டு குழாய்களின் நீளத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது என்பார் மாமா. குழாய்க்குள் காற்று மோதித் திரும்புமாம். நீளம் சரியாக அமைந்தால் அது சமயம் பார்த்து மறுபடி உள்ளே பாய, இன்ஜின் ஒரு வாய் கூடுதலாக விழுங்குமாம். போதும் என்று சொல்ல நான் வாயைத் திறக்கும்போது அம்மா இன்னொரு கவளம் திணிப்பாளே, அப்படித்தான் என்று புரிந்துகொண்டேன்.

ஞாயிறுதோறும் மாமா என்னையும் அழைத்துப் போவார். விமானத்தின் வாலைத் தூணோடு கயிற்றால் கட்டி, நடுவில் மூட்டை நிறுக்கும் முள் தராசைக் கோத்துவிட்டு இன்ஜினை ஓட்டுவார். தராசில் அவர் போட்டிருந்த சிவப்புக் கோட்டை முள் தாண்டினால் விமானம் ஏறும். நீளமான குழாய்களில் தொடங்கி வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக் குறைத்தார். முள்ளும் நகர்ந்துகொண்டே வந்து, ஒரு ஞாயிறு கோட்டைத் தாண்டியே விட்டது.

அன்று சாப்பிடும்போது மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"இதுக்கு மேல ரெண்டு வெரக்கடை அறுத்தாக்கூட எல்லாம் போச்சுக்கா. அடுத்த வாரம் இன்னொரு தடவை பாத்துட்டு ஏத்திட வேண்டியதுதான்."

"நீயேவா ஓட்டுவே?" என்றாள் அம்மா.

"பின்னே?"

பெற்றவள் போன பிறகு மாமாவை வளர்த்தது அம்மாதான்.

உட்புறம் தேய்த்து வழுவழுப்பாக்குவதற்காக மாமா குழாய்களை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். வாரத்தின் நடுவே ஒருநாள் நான் பள்ளிவிட்டு வந்தபோது, அம்மா பால்கனியில் குழாயைக் காலால் மிதித்துக்கொண்டு ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தாள். வியர்த்துக் கொட்டியது. என்ன செய்கிறாய் என்று கேட்டேன். மாமாவுக்கு ஒரு வேலை மிச்சம் என்றாள். பிறகு வெட்டுவாயை அரத்தால் பிசிறில்லாமல் தேய்த்தாள். எங்கள் வீட்டில் எல்லோரும் விமானம் கட்டுகிறோம் என்று எனக்கு ஒரே சந்தோஷம். குப்பையில் கிடந்த இரண்டு அலுமினிய வளையங்களில் ஒன்றை எடுத்துக் கழுவி வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முள் கோட்டுக்கு வெகு கீழேயே நின்றுவிட்டது. மாமா பிளக்கைப் பார்த்தார், பெட்ரோலைப் பார்த்தார், மறுபடி ஓட்டினார். அதே கதைதான். அப்போதுதான் அந்த வளையத்தை நான் வளையலாகப் போட்டிருந்ததைக் கவனித்து, இது ஏது என்று கேட்டார். அம்மா தனக்கு உதவி செய்ததே தெரியாமல் இருக்கிறாரே என்று நான் பெருமையாக எல்லாவற்றையும் சொன்னேன்.

வளையலை வாங்கிக் குழாயின் வாயில் வைத்துப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது. பிறகு இருக்கையில் ஏறி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இறங்கி வந்ததும் வளையலைத் தானே என் கையில் மாட்டிவிட்டு, அம்மா எதிரில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்றார்.

நாளைக்கே ராணிகஞ்சில் புதுக் குழாய் வாங்கி, பழைய அளவுக்கு அறுத்துக்கொள்ளலாமே என்றேன்.

"நக்கோம்மா, வேணாம். அந்த சைஸ் கிடைக்காது."

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "இழுவை பத்தலைக்கா. இந்த இன்ஜின் ஏறாது. வித்துடலாம்னு இருக்கேன்," என்றார்.

எவ்வளவு பாடுபட்டாய் என்று சொல்லிவிட்டு அம்மா அவர் தட்டில் நெய்யை ஊற்றினாள். அவர் போதும் என்று சொல்லாததால் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. ராணிகஞ்சில் கடைக்குக் கடை குழாய்களைச் சாத்தி வைத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். இரண்டு குழாய் வாங்கத் துப்பில்லாதவரா விமானம் ஓட்டப்போகிறார் என்று, அன்றைக்கு மாமா மேல் இருந்த மரியாதையே எனக்குப் போய்விட்டது.