ஹார்ட் டிஸ்க்கில் இருந்த என் ஊர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எஸ்.எஸ்.டி. வந்த அன்றுதான், அந்த வீட்டில் எனக்கு என்ன இடம் என்பதும் தெரிந்தது. கணவர் அதை மாட்டினார், நான் பக்கத்தில் நின்று டார்ச் அடித்தேன். விரல் நீளத்துக்கு ஒரு தகடு, ஹார்ட் டிஸ்க் மாதிரியே எல்லாவற்றையும் சேமித்து வைப்பது, ஆனால் பல மடங்கு வேகம். சுழலும் தட்டு இல்லை, ஊசி இல்லை, சத்தம் இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க் கீழே தன் பாட்டுக்குக் கரகரத்துக்கொண்டிருந்தது.

"இதுல இடம் கம்மி. வேகம் வேணுங்கற கேம் மட்டுந்தான் இதுல போடோணும்" என்றார்.

அவருடையவை துப்பாக்கி கேம்களும் கார் கேம்களும். லோடு ஆவதற்குள் எதிராளி சுட்டுவிடுவானாம். என்னுடையது ஊர் கட்டும் கேம்.

"ஊடு கட்டறதுக்கு என்ன அவசரம்? அது மெதுவாவே வரட்டும். உனக்குத்தான் நேரம் கெடக்குதே."

விடிந்ததிலிருந்து அடுப்படியில் நிற்பவளுக்கு நேரம் கிடக்கிறதாம். என் கேமை ஹார்ட் டிஸ்க்கில் போட்டார். நான் சேமித்து வைத்திருந்த ஊரையும் அங்கேயே தள்ளினார். எஸ்.எஸ்.டி.யில் என் குப்பை சேரக் கூடாதாம். அவருடைய கேம்கள் காசு கொடுத்து வாங்கியவை. என்னுடையதை நண்பர் ஒருவரிடமிருந்து சும்மா காப்பி அடித்து வந்திருந்தார். அதனால் ஆன்லைனில் அதற்கு நகல் எதுவும் கிடையாது. என் ஊர் இருந்த ஒரே இடம் அந்தக் கரகரக்கும் பெட்டிதான்.

வீடு துடியலூரில். வீட்டுக்குப் பின்னால் மாமனாரின் மோட்டார் பட்டறை. தோட்டத்துக் கிணற்று மோட்டார்கள் செம்புக் கம்பிக் காயில் கட்டவும் பேரிங் மாற்றவும் வரும். பட்டறை ஆட்களுக்கும் சேர்த்து மதியச் சாப்பாடு முடிந்த பிறகு, சாயங்கால டீ வரைக்கும் உள்ள இடைவெளி என்னுடையது. அதில்தான் கேமைத் திறப்பேன். திறந்ததும் ஹார்ட் டிஸ்க் யோசிக்க ஆரம்பிக்கும். ஊர் பெரிதாகப் பெரிதாக அதன் யோசனையும் நீண்டது. தட்டி விட்டுவிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவி, துணி மடித்துத் திரும்பினாலும் லோடு ஆவதைக் காட்டும் கோடு திரையில் பாதிதான் ஓடியிருக்கும்.

அத்தைக்கு அந்தச் சத்தம் பழகிவிட்டது. கரகரப்பு அடங்கினால் லோடு முடிந்தது என்று கண்டுபிடித்துவிட்டார். அடங்கிய நிமிடமே குரல் வரும். "அம்மணி, டீக்குத் தண்ணி வெச்சாச்சா?" நான் மிகைப்படுத்தவில்லை. கரகரத்துக்கொண்டிருக்கும்போது அவர் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

நான் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ படித்தவள். ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் கொடுமுடிக்குப் பெண் பார்க்க வந்தபோது "படிச்ச புள்ள" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார்கள். கல்யாணம் ஆனதும், "ஊட்டுலயே இத்தனை வேலை கெடக்குது, வெளிய எதுக்கு?" என்றார்கள். படித்த படிப்புக்கு நான் கட்டியது அந்த ஒரே ஊர்தான். நடுவில் ஆறு. ஆறு இல்லாத ஊரை எனக்குக் கட்டத் தெரியாது. இரு கரையிலும் படித்துறை, படித்துறைக்கு மேலே மரம் வைத்த சாலை. எவ்வளவு மழை பெய்தாலும் ஒரு தெருவில் தண்ணீர் நிற்காது. சரிவு பார்த்து, வடிகால் பார்த்து, பிடிக்காததை இடித்து, திரும்பக் கட்டி, சில வருட மதியங்கள் அதில் போயின. அந்த ஊரை நான் நேசித்தேன். புருசனை விடவா என்று கேட்டால், ஆமாம், புருசனை விட.

ஒருநாள் கேட்டேன். "ஏனுங்க, ஒரே ஒரு கேம். அதுல போட்டுக் குடுங்க. தொறக்கறதுக்குள்ள என்ற நேரமே போயிருது."

எஸ்.எஸ்.டி.யில் இருந்ததையெல்லாம் திறந்து காட்டினார். அதில் ஒன்று, வாங்கி ஒரே தடவை விளையாடிவிட்டு அப்படியே விட்ட கார் கேம். அதைக் காட்டி, "இதை எடுத்துப்போடலாமுங்களா?" என்றேன்.

"எப்பவாச்சும் வெளையாடுவேன்" என்றார்.

அந்த "எப்பவாச்சும்"தான் என் தினசரியை விடப் பெரிதாக இருந்தது. எழுந்து டீக்குத் தண்ணீர் வைக்கப் போனேன்.

பிறகு கரகரப்பு கூடியது. சத்தம் மட்டும்தான், ஊர் தினமும் ஒழுங்காகத் திறந்துகொண்டிருந்ததால் எனக்குப் பெரிய பயம் இல்லை. ஆனால் மாமனாருக்கு அந்தச் சத்தம் பொறுக்கவில்லை. அவர் மோட்டாரைச் சோதிக்கும் முறை ஒன்று உண்டு. நீள ஸ்குரூ டிரைவரின் முனையை ஓடும் மோட்டார் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கேட்பார். பேரிங் நன்றாக இருக்கிறதா, தேய்ந்துவிட்டதா என்று அதிலேயே சொல்லிவிடுவார். ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தவர், கம்ப்யூட்டர் பெட்டி மேல் ஸ்குரூ டிரைவரை ஊன்றிக் கண்ணை மூடிக் கேட்டார்.

"பேரிங் போயிருச்சு அம்மணி. பிரிச்சுக் கிரீஸ் வெச்சாச் செரியாப் போயிரும்."

"ஐயோ மாமா, அதைப் பிரிக்கவே கூடாதுங்க. உள்ள துளி தூசு போனாலே செத்துப் போயிருமுங்க."

"நான் பிரிக்காத மோட்டாரா?" என்று சிரித்தார்.

அன்று இராத்திரிச் சாப்பாட்டின்போது கணவரிடமும் சொன்னேன், மாமனார் காதிலும் விழட்டும் என்று. "ஹார்ட் டிஸ்க்கை ஆரும் தொறக்கக் கூடாது, நீங்களே சொல்லுங்க."

"அது எனக்குத் தெரியாதா? கம்பெனில நான் பாக்கறதே அந்த வேலைதான்" என்றார் கணவர், இட்லியிலிருந்து தலையை எடுக்காமல்.

அண்ணன் மகளுக்குக் காது குத்து. நான் கொடுமுடிக்குப் போனேன். திரும்பி வந்தபோது முன்னறையில் செய்தித்தாள் விரித்து, அதன் மேல் என் ஹார்ட் டிஸ்க் வாயைப் பிளந்து கிடந்தது. அதன் திருகுகள் நட்சத்திரத் தலை உள்ளவை, சாதாரண ஸ்குரூ டிரைவருக்குப் பிடிகொடுக்காது. மாமனார் ஒரு எல்-கீயின் முனையை அரத்தில் ராவி அதற்கென்றே சாவி செய்திருந்தார். நடுவில் மஞ்சளாகக் கிரீஸ்.

"கிரீஸ் வெச்சுப்போட்டேன் அம்மணி. இப்ப மாட்டிப் பாரு, சத்தமே வராது."

வரவில்லைதான். செத்ததற்கு ஏது சத்தம்?

"நான் குளிச்சுட்டு வாரதுக்குள்ள அப்பா செஞ்சுபோட்டாரு" என்றார் கணவர். முகத்தில் அவ்வளவு வருத்தம். நான் நம்பினேன். உட்கார்ந்து அழுதேன். மாமனார் பதறிப்போனார். "நான் என்னத்தக் கண்டேன் கண்ணு? மோட்டாருன்னு நெனச்சுப்போட்டேன்" என்றார். அவரிடம் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் சாப்பிடும்போது தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். மனிதர் தலைகுனிந்து சாப்பிட்டுவிட்டுப் பட்டறைக்குப் போவார்.

அத்தை அந்த வட்டத் தட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டார். "கண்ணாடியாட்ட இருக்குது பாரேன்" என்று கைகழுவும் இடத்துக்கு மேலே ஆணியில் மாட்டினார். என் ஆறும் படித்துறையும் இருந்த தட்டில் பார்த்து அத்தை காலையில் பொட்டு வைத்துக்கொண்டார்.

கணவர் திடீரென்று நல்லவராகிவிட்டார். கார் கேமை எடுத்துவிட்டு, என் கேமை எஸ்.எஸ்.டி.யில் புதிதாக இன்ஸ்டால் செய்து கொடுத்தார். கண் இமைப்பதற்குள் திறந்தது. வெறும் புல்தரை. ஒரு ரோடு போட்டேன், அழித்தேன், மூடிவிட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து, கருமத்தம்பட்டியிலிருந்து அத்தையின் தங்கை வந்திருந்தார். டீ எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனால், டிவியில் எங்கள் கல்யாண வீடியோ ஓடிக்கொண்டிருக்கிறது. நான் தலை குனிந்து மாலையோடு நிற்கிறேன். அந்த வீடியோ இருந்ததும் அந்த ஹார்ட் டிஸ்க்கில்தான். கல்யாண வீடியோ, அவர் சேர்த்து வைத்த படங்கள், என் ஊர், எல்லாம் ஒட்டுக்கா அதில்தான் இருந்தன.

"இது எங்கிருந்துங்க அத்தை வந்துச்சு?"

"பையன் முந்தியே எடுத்து வெச்சுப்போட்டானே. அவங்கப்பன் பிரிக்கோணும்னு கேட்டப்பவே, இரு இருன்னு சொல்லி உக்காந்து எல்லாம் காப்பி பண்ணிப்போட்டு, அப்பறம் அவனேதான் கழட்டிக் குடுத்தான்" என்றார் அத்தை, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், மகனின் சாமர்த்தியத்தில் பூரித்து.

டீயை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் இருக்கும் உள்ளறைக்குப் போனேன். அவர் விளையாடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று கேட்டேன். "என்னுதை மட்டும் ஏன் உட்டீங்க?"

ஹெட்போனைப் பாதி கழற்றினார்.

"பிரிச்சா அது செத்துப் போகும்னு உங்களுக்குத் தெரியுமுங்களே?"

"அப்பா ஆசையாக் கேட்டாரு. வேண்டாம்னா மூஞ்சி சுருங்கிப் போயிரும். அதான் முக்கியமானதெல்லாம் எடுத்து வெச்சுப்போட்டுக் குடுத்தேன். உன்னுது கேம்தான? மறுபடி கட்டிக்கலாம்."

சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டார். தன் அப்பனுக்கு ஒரு விளையாட்டுச் சாமான் வேண்டியிருந்தது, அதற்கு என் ஊரை எடுத்துக் கொடுத்தார். அதன் பழியையும் அந்தக் கிழவர் தலையிலேயே வைத்தார். நானும் மடச்சி, கிழவரைத் தண்டித்துக்கொண்டிருந்தேன்.

ஆயுத பூசை வந்தது. பட்டறையில் எல்லா மெசினையும் துடைத்து, ஸ்பேனர் முதல் தராசு வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து முடித்து, வழக்கம்போல எல்லோரும் வீட்டுக்குள் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்க வந்தார்கள். அது கணவர் வேலை. அவர் பெட்டிக்கு வைத்து முடித்ததும், நான் ஆணியிலிருந்து அந்தத் தட்டை எடுத்து வந்து, முந்தானையால் துடைத்து, பெட்டிமேல் சாய்த்து வைத்தேன்.

"ஏனுங்க, இதுக்கும் வெச்சு உடுங்க. உங்க கையால வெச்சாத்தான் எனக்குத் திருப்தியா இருக்குமுங்க" என்றேன், பட்டறை ஆட்கள் காதிலும் விழும்படி. அவ்வளவு பணிவாகக் கேட்கும் மனைவிக்கு, நாலு பேர் முன்னால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

"வெய்யி சாமி. அதுவும் ஓடுன மெசின்தான" என்றார் மாமனார், என்னைச் சந்தோசமாகப் பார்த்து. நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். அதுவும் உண்மைதான்.

கணவர் குனிந்தார். தட்டு நிறைய அவர் முகம் தெரிந்தது, நடுவில் மட்டும் ஓட்டை. சந்தனத்தைத் தொட்டு வைத்தார். அதன் மேல் குங்குமம். வைத்த இடம் உள்ளே தெரிந்த அவருடைய நெற்றிக்கு நேராக அமைந்துவிட்டது. செத்தவர்கள் படத்துக்கு நாம் வைப்போமே, அதே மாதிரி. அவரும் பார்த்துவிட்டார். விரலை எடுக்காமல் அப்படியே நின்று, மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் சிரிக்கவில்லை, கண்ணையும் எடுக்கவில்லை. ஒரு பெண்டாட்டி நினைக்கக் கூடாததை அந்த நேரத்தில் நிறுத்தி நிதானமாக நினைத்தேன். நினைத்தது முகத்தில் தெரியட்டும் என்றே நின்றேன். பிறகு பொரி கொடுக்கப் போனேன். முதல் தட்டை அவருக்கே கொடுத்தேன்.