சாமிக்கு ஆகிற பூ

வீட்டு முன்னால் நின்ற தூங்குமூஞ்சி மரம் போன வருஷப் புயலில் சாய்ந்தது. யார் மேலும் விழவில்லை, கரண்டு கம்பி மேலும் விழவில்லை. காம்பவுண்ட் ஓரமாக ஒழுங்காகப் படுத்துக்கொண்டது. அறுத்து லாரியில் ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் எனக்கு என்ன போயிற்று என்று புரிந்தது.

மத்தியானம் செகண்ட் ஷிப்ட் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அந்த நிழலில்தான் நிற்பார்கள். நான் ஜெனரல் ஷிப்ட், மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வருகிறவன். கை கழுவிக்கொண்டு கேட்டருகில் போய் நின்றால் போதும். யார் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள், யார் எந்த பிளாக்குக்கு குவார்ட்டர்ஸ் மாறுகிறார்கள், எல்லாம் பஸ் வருவதற்குள் தெரிந்துவிடும். மரம் போனதும் அவர்கள் அடுத்த வரிசை வேப்பமரத்துக்குப் போய்விட்டார்கள். குறை சொல்ல முடியாது. பழகின ஆள் என்பதற்காக மண்டை காய நிற்பார்களா என்ன?

என் மனைவி பேரனைப் பார்த்துக்கொள்ள மூன்று மாசம் என்று சொல்லிவிட்டு பெங்களூர் போனவள். இரண்டு வருஷம் ஆகிறது. எதிர் குவார்ட்டர்ஸ் காலி. தனிமை என்று எழுதினால் ஏதோ கவிதை போலத் தோன்றுகிறது. எனக்கு நடந்ததில் கவிதை ஒன்றும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பால் பாக்கெட் வாங்கப் போனேன். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். குரல் வரவில்லை. காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாததால் தொண்டை கட்டிக் கிடந்திருக்கிறது. இரண்டு தடவை செருமிவிட்டுத்தான் அரை லிட்டர் என்று சொல்ல முடிந்தது. அன்றைக்கு நிஜமாகவே பயந்துபோனேன்.

அந்தப் பயத்தில் வந்த யோசனைதான் பூச்செடி. மரம் இருந்த இடம் பொட்டல், செம்மண், காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் வரை வெயில். ஆனால் நான் செடிக்காகச் செடி வைக்கவில்லை. எங்கள் டவுன்ஷிப்பில் விடிகாலையில் நடக்கப் போகிறவர்களில் பாதிப் பேர் கையில் ஒரு பை இருக்கும். சிலரிடம் நுனியில் கம்பி வளைத்த குச்சியும் இருக்கும். காம்பவுண்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கிற பூவெல்லாம் பைக்குள் போய்விடும். சாமிக்கு என்றால் கேட்டுப் பறிக்க வேண்டியதில்லை, அது திருட்டிலும் சேராது. என் மனைவி இவர்களோடு மல்லுக்கட்டியே ஓய்ந்துபோய், கடைசியில் காகிதப்பூவும் குரோட்டன்ஸும் வைத்தாள். சாமிக்கு ஆகாததை வைத்தால் ஒருத்தரும் கிட்டே வரமாட்டார்கள் என்பது அவள் கணக்கு. அவள் கணக்கு சரிதான். ஒருத்தரும் வரவில்லை.

குள்ளஞ்சாவடி போகிற வழியில் இருக்கிற நர்சரிக்குப் போனேன். வெயில் தாங்க வேண்டும், சாமிக்கு ஆக வேண்டும் என்றேன்.

நர்சரிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாரும் எவனும் பறிக்கக்கூடாதுன்னு முள்ளுச் செடியா கேட்டுக்கினு வருவாங்க. நீங்க என்னாங்க, வூட்டுல பூஜை பலமோ?"

"ஆமாம்" என்று சொல்லி வைத்தேன்.

பாலைவன ரோஜா என்கிற அடீனியத்தைக் காட்டினார். பார்க்க நன்றாக இருந்தது, ஆனால் அதை யாரும் சாமிக்குப் போட்டு நான் பார்த்ததில்லை. நித்தியகல்யாணி எந்த வெயிலிலும் பூக்கும். ஆனால் சுடுகாட்டு மல்லி என்று அதற்கு இன்னொரு பேர் இருக்கிறதே, சிலர் தொடமாட்டார்கள். செம்பருத்தி ஒருநாள் தண்ணீர் தப்பினால் தலையைத் தொங்கப்போடும். சாமந்தி கேட்டேன்.

"அதெல்லாம் கான்ட்ராக்ட் ஆளுங்க மாதிரிங்க. சீசன் முடிஞ்சா போயிடும். அரளி வைங்க, அதான் பர்மனென்ட். மாடு வாய் வைக்காது, நாலு நாள் தண்ணி இல்லன்னாலும் நின்னுக்கினு இருக்கும்."

செவ்வரளி இரண்டு, வெள்ளரளி ஒன்று, நந்தியாவட்டை இரண்டு, கேட்டில் ஏற்றிவிட ஒரு சங்குப்பூ. மரத்தின் வேரைக் கடப்பாரையால் பெயர்த்துக் குழி எடுத்ததில் இரண்டு நாள் இடுப்பு நிமிரவில்லை. எருவும் மண்ணும் கலந்து போட்டு, தூரைச் சுற்றிக் காய்ந்த சருகைப் பரப்பினேன். எல்லாச் செடியையும் காம்பவுண்டை ஒட்டி, வெளியே நின்றால் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தேன். வீடியோவில் காட்டியபோது என் மனைவி, "அரளியா? எவனாவது மொட்டுகூட விடாமப் பறிச்சிக்கிட்டுப் போகப் போறான்" என்றாள். போகட்டும் என்றேன். போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து, "உடம்பு நல்லா இருக்கா?" என்று கேட்டாள்.

வைகாசியில் முதல் ஆள் வந்தார். எழுபது வயசு இருக்கும். மடித்துக் கட்டின வேட்டி, காலில் கேன்வாஸ் ஷூ. ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கிளையை ஒடிக்காமல் வளைத்தார், மொட்டைத் தொடவில்லை, பறிக்கும்போது "சிவ சிவா" என்று மெல்லச் சொல்லிக்கொண்டார். மறுநாளும் வந்தார். ஐந்தரை மணிக்குப் பை சரசரக்கிற சத்தத்துக்காகவே நான் ஐந்து மணிக்கு எழுந்தேன். அந்த மூன்று வாரம் சந்தோஷமாக இருந்தேன் என்றால் பொய்யில்லை.

அதோடு விட்டிருக்க வேண்டும். புத்தி கேட்கவில்லை. ஒருநாள் இரண்டு டம்ளர் டீ போட்டு வைத்து, பை சரசரத்ததும் கதவைத் திறந்தேன். "வாங்க வாங்க, ஒரு டீ சாப்பிட்டுட்டுப் போலாம்."

அவர் கை அப்படியே கிளையில் நின்றுவிட்டது. சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கம் பூத் திருடுகிறவர்களைக் கையும் களவுமாகப் பிடித்தால் இப்படித்தான் நக்கலாகக் கேட்பார்கள். என் மனைவியே இதே வார்த்தையை நூறு தடவை சொல்லியிருக்கிறாள்.

"சாமிக்குத்தாங்க. தப்பா நெனச்சிக்காதீங்க" என்றார்.

"ஐயோ, பறிச்சிக்குங்க. உங்களுக்காகத்தான் வச்சிருக்கேன்."

அதுவும் குத்தலாகத்தான் விழுந்தது. வேறு வீடுகளில் பறித்ததையும் சேர்த்துப் பையை அப்படியே காம்பவுண்ட் சுவர் மேல் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பின்னாலேயே ஓடலாமா என்று யோசித்தேன். ஓடினால் அடிக்க வருகிறான் என்றல்லவா நினைப்பார். இரண்டு டீயையும் நானே குடித்தேன்.

பிறகு அவர் வரவில்லை. மற்றவர்களும் வரவில்லை; பேச்சு பரவியிருக்கும். நந்தியாவட்டை பூத்துப் பூத்துக் கீழே கொட்டியது. தினமும் கூட்டி அள்ளும்போது எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது.

ஆடியில் ஒரு வேலை செய்தேன். ஸ்கூட்டரைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினேன். வாசல் கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டு, சுற்றிப் போய்க் கொல்லைக் கதவு வழியாக உள்ளே வந்தேன். விளக்குப் போடவில்லை. ஒரு வாரம் காலையில் அப்படியே ஹாலில் உட்கார்ந்திருந்தேன். எட்டாம் நாள் பை சரசரத்தது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, பூட்டைப் பார்த்திருப்பார். பிறகு அதே பெரியவர் குரல்; தனக்குத்தானே சொல்லிக்கொண்டது கதவு வழியாகக் கேட்டது.

"ஊருக்குப் போயிட்டாரு போல. பாவம், கத்தினாலும் செடிய நல்லா வச்சிருக்காரு."

என்னைப் பற்றி ஒருவர் பேசிக் கேட்டு எத்தனை நாளாயிற்று. எனக்குத் தும்மல் வந்தது. துண்டை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டேன்.