புள்ளி விழாத கட்டம்

பம்மலில் அம்மா டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்தில்தான் நானும் மூன்றாம் வகுப்பு படித்தேன், அதுவும் அம்மாவின் வகுப்பிலேயே. சொந்தப் பெண்ணுக்குச் செல்லம் கொடுக்கிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று என்னைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்திருந்தாள். அங்கே அம்மா என்று கூப்பிடக் கூடாது, டீச்சர்தான். சில நாள் வீட்டிலும் வாய் தவறி டீச்சர் என்று கூப்பிட்டுவிடுவேன்.

ஒருமுறை ஆசிரியர் பயிற்சி நிறுவனத்திலிருந்து ஒரு சார் வரப்போவதாகத் தகவல் வந்தது. வகுப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பாடம் நடத்த யோசனை சொல்வாராம். உதவி செய்யத்தான் வருகிறார் என்றார் ஹெச்.எம். அதை அவரே நம்பவில்லை. நம்பியிருந்தால் ஜன்னலுக்கெல்லாம் எதற்கு ஒட்டடை அடிக்க வேண்டும்? அவர் ஏதாவது ஏடாகூடமாக எழுதிவிட்டால் படப்பைக்கு அந்தப் பக்கம் மாற்றிவிடுவார்கள் என்று அம்மா அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். தம்பி அப்போது கைக்குழந்தை. இரண்டு பஸ் மாறிப் போய்வர அம்மாவால் முடியாது. கதவுக்குப் பின்னால் நின்று நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வந்தவர் நாற்காலி வேண்டாமென்று நேராகக் கடைசி பெஞ்சுக்கு வந்து, என் பக்கத்தில் முழங்காலை மடக்கி உட்கார்ந்துகொண்டார். ஒரு தாளில், நாங்கள் உட்கார்ந்திருந்த வரிசைப்படி ஆளுக்கொரு கட்டம் போட்டார். அம்மா முன்வரிசைப் பையனிடம் ஒரு கேள்வி கேட்டாள். சார் அவன் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தார். அடுத்த கேள்விக்கு இன்னொன்று. எனக்குப் புரிந்துவிட்டது. அம்மாவின் தப்புகளை எண்ணுகிறார். முன்வரிசைக் கட்டங்கள் கடுகு கொட்டினதுபோல ஆகிக்கொண்டிருந்தன.

பொறுக்க முடியாமல், அம்மா என் பக்கம் திரும்பியபோது, பேசாதே என்று வாயில் விரலை வைத்துக் காட்டினேன். அதைப் பார்த்து அடுத்தவனும் வைத்தான். அம்மாவே பழக்கிய பழக்கம். நொடியில் வகுப்பு முழுக்க வாயில் விரலோடு உட்கார்ந்துவிட்டது. அம்மா சாக்பீஸும் கையுமாக நின்றாள்.

"இன்னா டீச்சர், பாடம் முட்ஞ்சிடுச்சா?" என்றான் ஒருவன்.

"யாரு இதை ஆரம்பிச்சது?"

"நான்தாம்மா. நீ பேசப் பேச சாரு புள்ளி வெச்சிக்கினே இருக்காரு" என்று அழுதேன். டீச்சர் என்று சொல்ல வேண்டும் என்பதே மறந்துவிட்டது.

வந்தவர் சிரித்துவிட்டார். மணி அடித்ததும் அந்தத் தாளை அம்மாவிடமே நீட்டினார்.

"இது வேற யாருக்கும் போகாது டீச்சர், உங்களுக்குத்தான். நல்லா நடத்துறீங்க. யாரை எத்தனை தடவ கேள்வி கேக்கறீங்கன்னு மட்டும் குறிச்சேன். கொஞ்சம் பாத்துக்குங்க."

அம்மா பெருமூச்சு விட்டாள். எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது. படப்பையும் இல்லை, இரண்டு பஸ்ஸும் இல்லை.

ஆனாலும் அம்மா தாளை மடிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். எட்டிப் பார்த்தேன். மற்றவர்களுக்கெல்லாம் ஒன்றிரண்டாவது இருந்தது. என் கட்டம் மட்டும் வெள்ளையாக இருந்தது. கேள்வியோ என்னவோ, புள்ளி என்றால் கரும்புள்ளிதான் என்பது என் கட்சி. வகுப்பிலேயே சுத்தமானவள் நான் ஒருத்திதான் என்று வீடுவரை தலை நிமிர்ந்து நடந்தேன்.

மறுநாள் அம்மா முதல் கேள்வியை என்னிடம் கேட்டாள். எழுந்து சரியாகத்தான் பதில் சொன்னேன். சார் இருந்திருந்தால் என் கட்டத்திலும் புள்ளி விழுந்திருக்குமே என்று துக்கமாக இருந்தது. "சரி, உக்காரு" என்று சொல்ல அம்மாவுக்கு ஏன் அவ்வளவு நேரம் ஆயிற்று என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.