குரலை மட்டும்

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்பாமலே இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கொன்றும் நஷ்டமில்லை. ஆனால் மலைமேல் இருக்கும் கட்டபெட்டில் வேலுசாமியின் வீட்டுக்குப் போய், "பேயாவது பிசாசாவது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

வேலுசாமி கல்யாண வீடியோ எடுப்பவன். அவன் மனைவி ஜெஸிந்தா மெல்லிசைக் குழுவில் பாடுகிறவள். சர்ச்சில் அவள் பாடியதைக் கேட்டுக் கிறங்கிப்போய், இரண்டு வீட்டாரையும் பகைத்துக்கொண்டு கட்டிக்கொண்டான். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. திங்கட்கிழமை கோயம்புத்தூரில் ஆபரேஷன். உயிருக்குப் பயமில்லை, குரல் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊரார் வீட்டு விசேஷத்தையெல்லாம் எடுத்தவன், பெண்டாட்டியின் பாட்டை ஒருதடவைகூட உருப்படியாக எடுத்து வைக்கவில்லை. அதை நினைத்தால் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

முந்தின நாள், ஞாயிறு மதியம், தேயிலை எஸ்டேட் மன்றத்தில் ஆண்டு விழா. ஜெஸிந்தாவுக்கு ஒரே ஒரு பாட்டு. கேமராவில் இருக்கும் மைக்கை நம்பினால் நாற்காலி இழுக்கும் சத்தமும் விசிலும்தான் மிஞ்சும். அதனால் மேடைக்குப் பின்னால், எல்லா மைக்கும் வந்து சேரும் மிக்ஸரிலிருந்து ஒயர் இழுத்து, தனி ரெக்கார்டரில் மாட்டினான். மிக்ஸரைப் பார்த்துக்கொள்ள அவன் உதவியாள் ஆறுச்சாமி. கடைசி வரிசைக்குப் பின்னால் கேமராவோடு வேலுசாமி. இருவரும் ஹெட்போனில் பேசிக்கொள்ளலாம்; மிக்ஸருக்கு வரும் சத்தமும் அதிலேயே கேட்கும்.

வெளியே மூடுபனி. தகரக் கூரையில் மழை.

மைக்கைச் சோதித்தார்கள். தொண்டையை மிச்சம் பிடிக்க ஜெஸிந்தா மெதுவாகச் சொன்னாள்.

"ஒண்ணு... ரெண்டு..."

"மூணு," என்றது ஹெட்போன், அவள் குரலிலேயே.

வேலுசாமி நிமிர்ந்து பார்த்தான். அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். எக்கோவாக இருக்கும் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டான். சொல்லாத வார்த்தைக்கு ஏது எக்கோ? அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் அவன் இல்லை.

பாட்டு தொடங்கியது.

ஜெஸிந்தாவின் மைக்கிலேயே டிரம்ஸ் ஏறியது. மழையும் ஏறியது. அவள் குரல் எங்கோ அடியில் நூலாகக் கிடந்தது. பல்லவி போய்விட்டது. இனி இந்தப் பாட்டு கிடைக்காது, இந்தக் குரலும் கிடைக்காது.

"ஆறுச்சாமி," என்றான் அழாத குறையாக. "அவ கொரல மட்டும் தனியா எடுத்துடு."

ஹெட்போனில் பதில் வந்தது.

"சரிங்க."

ஆறுச்சாமி எப்போதும் "சரிங்ணா" என்பவன். இந்தக் குரல் மெல்லிசாகவும் இருந்தது.

உடனே ஹெட்போனில் டிரம்ஸ் நின்றது. மழை நின்றது. ஜெஸிந்தா மட்டும்... காதோரம் உட்கார்ந்து பாடுகிற மாதிரி. மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. அவள் இவ்வளவு நன்றாகப் பாடி அவன் கேட்டதே இல்லை. கண்ணீர் வழிந்தது.

துடைத்துக்கொண்டு மேடையைப் பார்த்தான்.

ஜெஸிந்தா தொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாய் திறந்திருந்தது. உதடு அசையவில்லை.

ஹெட்போனில் சரணம் ஓடிக்கொண்டிருந்தது...

கழற்றினான். டிரம்ஸ். மழை. "மைக் அவுட்டு" என்று கூட்டத்தில் கூச்சல்.

மறுபடி மாட்டினான்.

பாடுகிறாள்...

அவள் மூச்சுக்குப் பக்கத்தில் இன்னொரு மூச்சு...

மேடைக்குப் பின்னால் ஓடினான். மிக்ஸருக்கு முன்னால் நாற்காலி காலி. ஆறுச்சாமி சொட்டச் சொட்ட நனைந்து பின்வாசலில் வந்துகொண்டிருந்தான்.

"ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்தப் போயிருந்தனுங்ணா. பாட்டுக்கு முன்னாலயே போயிட்டனே... என்னாச்சுங்?"

ரெக்கார்டரைப் போட்டுக் கேட்டான். டிரம்ஸ் இருந்தது. கீபோர்டு இருந்தது. மழைகூட இருந்தது. ஜெஸிந்தா இல்லை. பல்லவியிலும் இல்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டி அழுத்தியதில் குரல் ஒருநாள் முந்திப் போயிருக்கும் என்றார் டாக்டர். வேலுசாமி தலையாட்டினான். தான் சொல்லித்தான் அந்தக் குரலை யாரோ எடுத்தார்கள் என்பதை வெகுநாள் யாரிடமும் சொல்லவில்லை.

பிறகொரு சாயங்காலம் ஆறுச்சாமியின் போன் வந்தது. அதே மன்றத்தில் வேறொரு விழா முடிந்து, மைக்கெல்லாம் கழற்றிக்கொண்டிருந்தானாம். கையெல்லாம் சப்பாத்தி மாவாக இருந்ததால், வேலுசாமி ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணா... அண்ணி ஊட்ல இருக்காங்களா?"

"இங்கதான் காய் அரிஞ்சுட்டு இருக்கா. ஏன்டா?"

"மைக் ஒண்ணுகூட மாட்டலீங்ணா. இதக் கேளுங்." ஹெட்போனைப் போனோடு ஒட்டி வைத்தான்.

மூச்சு...

பிறகு ஜெஸிந்தாவின் குரல்.

"ஏனுங்க... எல்லாரும் போயிட்டாங்க. என்னைய எப்ப ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போவீங்க?"

பக்கத்தில் காய் அரியும் சத்தம் நின்றது. அவள் காதிலும் விழுந்துவிட்டது.