அமாவாசை அன்று சிவந்த வரைபடம்

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு சித்திரை மாத வெயிலில், செஞ்சியில் லாட்ஜ் எடுத்துத் தங்கி வேலை பார்த்தேன். அப்போது எனக்கு ஐந்தாவது மாதம். ஒரு தனியார் கம்பெனியில் ஒப்பந்தப் புவியியலாளர். பூமிக்கடியில் நிக்கல் இருக்குமா என்று பார்த்துச் சொல்வதுதான் வேலை.

பெரிதாக எதுவும் நினைத்துவிடாதீர்கள். நிக்கல், கறுத்த கனமான ஒருவகைப் பழைய பாறையில் இருக்க வாய்ப்புண்டு. அவலூர்பேட்டை ரோட்டுப் பக்கம் அப்படி ஒரு மெல்லிய பட்டை, பாறை வரைபடத்தில் இருந்தது. விமானத்தில் பறந்து எடுத்த காந்த வரைபடத்திலும் அதே இடத்தில் கலங்கலாக ஒரு சிவப்பு, அதாவது காந்தம் கூடுதலாக உள்ள இடம். இனி தரையில் நடந்து அளக்க வேண்டும். முந்தைய இரண்டு இடங்களில் நடந்து நடந்து கால் வீங்கியதுதான் மிச்சம். இதுவும் ஊற்றிக்கொண்டால் திட்டத்தையே மூடிவிடுவோம் என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். மூடினால் என் வேலையும் போகும், அதுவும் பிரசவ நேரத்தில்.

உதவிக்குப் பக்கத்து கிராமத்துப் பெண் ஒருவர் வந்தார். என் வயதுதான் இருக்கும். நேர்கோட்டில் கொடி நட்டுக்கொண்டே அவர் முன்னால் போவார், காந்தமானியை முதுகில் மாட்டிக்கொண்டு நான் பின்னால் நடப்பேன். இரும்பு பக்கத்தில் இருந்தால் அந்தக் கருவி தப்பாகக் காட்டும். முதல் நாளே, "உங்க மேல ஒரு ஊக்குகூட இருக்கக் கூடாது" என்று கறாராகச் சொல்லிவிட்டேன். ஏன் என்று விளக்கத் தெம்பில்லை. மறுநாள் ரவிக்கையை நூலால் தைத்துக்கொண்டு வந்தார், பாவம்.

மூன்றாம் நாள் அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் பஸ்களில் ஜனம் தொங்கிக்கொண்டு போனது. நாங்கள் அந்தக் கறுத்த பட்டைக்கு நேர் மேலே உள்ள கோடுகளை நடந்து முடித்தோம். சாயங்காலம் லாட்ஜில் எண்களை ஏற்றிப் பார்த்தால், பட்டையின் மேல் பளிச்சென்று சிவப்பு! அழுதேவிட்டேன். உடனே மேலதிகாரிக்குப் படத்தை அனுப்பினேன். துளை போடும் இயந்திரத்துக்கு ஏற்பாடு செய்வதாகப் பதில் வந்தது.

மறுநாள் காலை வயலில் தலை சுற்றியது. குளுக்கோஸ் பாக்கெட்டைத் தேடிக் கருவிப் பையின் பக்க அறையில் கைவிட்டேன். மஞ்சள் துணியில் முடிந்த மாட்டு லாடம் ஒன்று கையில் வந்தது.

"நான்தான் மேடம் நேத்து காலைல வெச்சேன்" என்றார் அவர். "அமாவாச அதுவுமா புள்ளத்தாச்சி வெட்டவெளில நடக்கறீங்க. இரும்பு இருந்தா காத்து கருப்பு அண்டாது. என் மேலதான கூடாதுன்னீங்க? உங்க மேல கூடாதுன்னு சொல்லவே இல்லியே."

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. துளை போட்டு முடிக்கும்வரை, அதாவது பிரசவம்வரை, வேலை இருக்கும். யாரோ ஒருவரின் வேர்க்கடலைக் கொல்லை வீணாகும், அவ்வளவுதான். அவர் பயந்துபோய், "இன்னா மேடம், தப்பு பண்ட்டனா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பிறகு எழுந்து, லாடம் இல்லாமல், அதே கோடுகளை முதலிலிருந்து நடந்தேன். சிவப்பு போய்விட்டது. லேசான மஞ்சள்தான் மிச்சம். மேலதிகாரியிடம் நடந்ததைச் சொன்னேன். "சரி" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டார். அடுத்த மாதம் திட்டத்தை மூடினார்கள்.

அந்தப் பெண் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. உண்மையில், அமாவாசை அன்று நடந்த கோடுகளில் மட்டும்தான் சிவப்பு, பக்கத்துக் கோடு வந்ததும் கத்தியால் வெட்டியதுபோல நின்றுபோயிருந்தது. பாறை அப்படி நிற்காது என்று கல்லூரி மாணவிகூடச் சொல்லியிருப்பாள். எனக்குத்தான் அதைப் பார்க்க மனமில்லை. அவர் இரும்பைத்தான் வைத்தார், அதை நிக்கலாகப் பார்த்தது நான். இப்போது ஊர் ஊராகப் போய்க் கிணற்றுக்கு நீரோட்டம் பார்த்துச் சொல்கிறேன். நான் ஆசைப்பட்ட இடத்திலேயே நல்ல அளவு வந்துவிட்டால், சந்தோஷத்துக்கு முன்னால் பயம்தான் வருகிறது.