சூடத்தில் கை வைக்காதவர்

போன செவ்வாய்க்கிழமை காலையில் அம்மனுக்கு மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தேன். தீப்பெட்டி ஆபீசில் தீக்குச்சி அடுக்கும் மாடத்தி போன் செய்தாள். "பூசாரி ஐயா, ஆட்டோ அண்ணாச்சி போயிட்டாவ. கோவில்பட்டி ஆஸ்பத்திரியில வச்சு. நெஞ்சுவலியாம்." அரைத்த மஞ்சளை அம்மியிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

எங்கள் ஊருக்கும் கோவில்பட்டிக்கும் ஆட்டோ ஓட்டிய சுப்பையா அவர்களைத்தான் ஆட்டோ அண்ணாச்சி என்போம். அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் சாமி இல்லை என்கிறவர். நான் அம்மன் கோவில் பூசாரி. எங்கள் சிநேகிதத்தைப் பார்த்து ஊரே சிரிக்கும்.

மற்ற ஆட்டோக்களில் பிள்ளையாரோ மாதாவோ மெக்கா படமோ ஏதாவது ஒன்று இருக்கும். அவர் ஆட்டோவில் ஒன்றும் இருக்காது. ஏறுகிற பெண்கள் பயந்துபோய், தாங்களே கைப்பிடிக் கம்பியில் திருநீறு பூசிவிடுவார்கள். அவர் அதைத் துடைத்து நான் பார்த்ததில்லை. "பூசுனவிய மனசுக்குப் பூசியிருக்காவ. நான் எதுக்கு அழிக்கணும்?" என்பார். கோவில் கொடைத் திருவிழா அன்று பொங்கல் வாங்க முதல் ஆளாக நிற்பார். "சாமி இல்லேங்கீரு, பொங்கலுக்கு மட்டும் வாரீரே" என்றால், "பொங்கல் இல்லேன்னு நான் எப்பம்வே சொன்னேன்?" என்பார்.

ஒருமுறை கேட்டேன். "சாமி இல்லேன்னா, யாருக்குப் பயந்துவே ஒழுங்கா இருக்கீரு?"

"நீரு பயந்துதான் ஒழுங்கா இருக்கீராக்கும்? அம்மன் ரெண்டு நாள் லீவுல போயிட்டா உண்டியல உடைச்சிருவீரோ?"

"லீவுல போனாலும் சாவிய என்கிட்டதான் குடுத்துட்டுப் போவா."

"அதத்தான்வே நானும் சொல்லுதேன்" என்று சிரித்தார். அவர் என்ன சொன்னார் என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.

பிறகுதான் எங்கள் ஊர்ச் சம்சாரி முருகேசன் அடுக்கி வைத்திருந்த சோளத்தட்டைப் படப்பு எரிந்தது. வருசம் முழுக்க மாட்டுக்கான தீவனம், ஒரு மத்தியானத்தில் கரியாகிப்போனது. முந்தின வாரம்தான் ஆடு மேய்ந்த தகராறில் மாடத்தி அவரோடு சண்டை போட்டிருந்தாள். "அவதான் தீ வச்சா" என்றார் முருகேசன். ஊரும் நம்பியது. தீ வைத்தவள் என்று பெயர் வாங்கியவளை எந்தத் தீப்பெட்டி ஆபீசில் உள்ளே விடுவார்கள்? அவள் பிழைப்பே அன்று தொங்கிக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி வந்து சாட்சி சொன்னார். தீப்பிடித்த அன்று, முன்பு பெய்த மழையில் ஓடைப்பாதை காயாமல் கிடந்தது. கரிசல் சகதியில் ஆட்டோ புதைந்துவிட்டது. அந்த வழியாக வந்த மாடத்திதான் தள்ளிவிட்டாள். தள்ளிக்கொண்டிருக்கும்போதே தூரத்தில் புகை எழும்பியதை இரண்டு பேரும் பார்த்திருக்கிறார்கள். அதற்குச் சாட்சி சொல்ல வேறு ஆள் இல்லை.

எங்கள் ஊரில் குற்றம் சுமந்தவர் செய்யும் சத்தியம் செல்லாது. முன்னொரு காலத்தில் ஆடு திருடின ஒருவன் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டு, அந்த ஆட்டையே கறி வைத்துத் தின்றான். அவனுக்கு ஒரு தலைவலிகூட வரவில்லை. அன்றிலிருந்து சாட்சிதான் எரியும் சூடத்தைக் கையால் அணைக்க வேண்டும்.

அம்மன் முன்னால் ஊர் கூடியது. தட்டில் சூடத்தைக் கொளுத்தி நீட்டினேன். அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நடந்ததச் சொல்லிட்டேன். இது வேண்டாம்."

"சாமிக்குப் பயப்படாதவன் சொல்லுக்கு என்ன ஜாமீன்?" என்றார் முருகேசன்.

நான் மெதுவாகச் சொன்னேன். "சும்மா கைய வச்சுட்டுப் போவும்வே. ஒமக்குத்தான் இது ஒண்ணுமில்லையே."

"ஒண்ணுமில்லாததுனாலதான் வைக்க மாட்டேங்கேன். நான் வச்சா நீங்க நம்புவீங்க. எனக்கு அது வேசம். மெய்யச் சொல்ல வந்த இடத்துல பொய்யோட ஆரம்பிக்கச் சொல்லுதீரே."

எனக்குக் கோபம்தான் வந்தது. இவர் கொள்கைக்கு அந்தப் பெண்ணின் பிழைப்பு போக வேண்டுமா? மாடத்தி சேலை நுனியை வாயில் பொத்திக்கொண்டு அவரையே பார்த்தாள். அவர் முகமும் வாடித்தான் இருந்தது. ஆனாலும் கை அவிழவில்லை.

சூடம் தீரப்போனது. அப்போதுதான் தோன்றியது: தன் வண்டியைத் தள்ளிவிட்ட ஒருத்திக்காகக்கூடப் பொய்யாகக் கை வைக்காத மனுசன், வாயால் மட்டும் பொய் சொல்வாரா? என் உள்ளங்கையைத் தீயின் மேல் வைத்து அமுக்கினேன். "சுப்பையா பொய் சொல்ல மாட்டாரு. இது அம்மன் மேல சத்தியம்" என்றேன். பூசாரியே அணைத்ததை எங்கள் ஊர் அதுவரை கண்டதில்லை. முருகேசன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். மாடத்தி மறுநாள் வேலைக்குப் போனாள். தீ எப்படிப் பிடித்தது என்பது இன்றுவரை தெரியாது.

கைக்கு மருந்து போட என்னை ஆட்டோவில் கூட்டிப்போனார். "நான் பொய் சொல்லியிருந்தா?" என்று கேட்டார்.

"அம்மன் என்னையக் கேட்டிருப்பா."

"என்னையக் கேக்க மாட்டாளோ?"

"ஒம்மள அவ கேக்க வேண்டியதில்ல. நீரே ஒம்மளக் கேட்டுக்கிடுவீரு."

மருந்துக்கடை வந்ததும் அவரே இறங்கிப்போய்க் களிம்பு வாங்கிவந்தார்.

சாமி இல்லாமல் நேர்மை நிற்காது என்றுதான் நான் சொல்லிவந்தேன். எனக்கு இன்றும் அம்மன் வேண்டும். அவள் இல்லாமல் நான் நேராக நடப்பேனா என்று எனக்கே தெரியாது. அவர் நடந்தார். அதைக் கூடவே இருந்து பார்த்தேன்.

தனக்குச் சூடம், சங்கு எதுவும் கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தாராம். சுடுகாட்டுக்குப் போகும் வழியில், அதே ஓடைப்பாதையில், அமரர் வண்டி சகதியில் புதைந்துவிட்டது. எங்கள் பக்கம் பெண்கள் அவ்வளவு தூரம் வருவதில்லை. மாடத்தி வந்திருந்தாள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தோளைக் கொடுத்தாள். பக்கத்தில் ஒரு வயதானவர் முக்கித் தள்ளினார். நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன், முருகேசன். "இன்னும் கொஞ்சம் தள்ளு தாயி" என்றார் அவளிடம். வண்டி ஏறிவிட்டது.

பழக்கத்தில் மடியில் சூடம் எடுத்துப் போயிருந்தேன். அதை வெளியே எடுக்கவில்லை.

எங்கள் ஊரில் யாரை வழியனுப்பினாலும் 'போயிட்டு வாரும்' என்றுதான் சொல்வோம். அன்றைக்கும் வாய்வரை வந்தது. சாமியே இல்லை என்றவர், 'செத்தபொறவு திரும்பி வாரதுக்கு ஏதுவே இடம்?' என்று கேட்பார். அதனால் 'வாரும்' என்பதை விட்டுவிட்டேன். போவும் அண்ணாச்சி.